ஊசி முதல் தொகுதியில், நூல் இரண்டாவதில்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடைத்தது.

அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. அண்ணனுக்குத் துணையாக அண்ணி போனார். அண்ணிக்குத் துணையாக நான் போனேன். எங்கள் வீட்டில் ஒரு பல் பிடுங்குவதென்றால் இப்படித்தான், குடும்பமே கிளம்பிவிடும். அண்ணனை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். உள்ளிருந்து வரும் சத்தம் காதில் விழக்கூடாதென்று அண்ணி பேச ஆரம்பித்தார். முக்கால் கதை முடிந்தபோது அண்ணன் வாயில் பஞ்சோடு வெளியே வந்து, "ம்ம்?" என்றான். மீதிக் கதையை நான் தொலைபேசியில்தான் வாங்கவேண்டியதாயிற்று.

"இதை எழுதிக்கட்டுமா அண்ணி?"

"எழுதுங்க தம்பி. ஆனா நடந்ததை எழுதுங்க. அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை காட்டிடுங்க."

காட்டினேன். அதன் விளைவை நீங்கள் வழியெல்லாம் பார்ப்பீர்கள். அண்ணி ஒரு கலைக்களஞ்சியத்தில் துணையாசிரியராக இருந்தவர். எழுதிய தாளைக் கண்டால் அவர் கை தானாகப் பென்சிலைத் தேடும். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திருத்திவிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போவார். இனி சதுர அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவர் ஓரத்தில் எழுதியது. அழித்துவிடலாமா என்று பார்த்தேன். மனசு வரவில்லை.

2

எல்லாக் கதைக்கும் ஒரு முதல் வரி வேண்டும் என்பது என் நம்பிக்கை. இதற்கு மூன்று எழுதினேன்.

முதல் முயற்சி: ‘மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பழைய கட்டடத்தின் படிகளில் ஒரு புகழ்பெற்ற நடிகர் நனைந்தபடி

[மழை இல்லை. நல்ல வெயில். குடைகூட இல்லாமல் வந்தார். – அண்ணி]

இரண்டாவது: ‘புகழ் என்றால் என்ன? மனிதன் மறைந்தபின்னும் அவன் பெயர்’… இது பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக்குப் போய்விட்டது. ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திருக்காது.

மூன்றாவது: ‘அகரத்துக்கு முன்னால் எதுவும் இல்லை.’ இது எனக்குப் பிடித்திருந்தது. இதற்கு அடுத்த வரியாக எதை எழுதுவதென்றுதான் தெரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆகவே அலங்காரமில்லாமல் அலுவலகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

3

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். நீளமான ஒரே அறை. சுவரெல்லாம் அட்டைப் பெட்டிகள். பெரிய மனிதர்கள், ஊர்கள், ஆறுகள், கோட்டைகள், இசைக்கருவிகள், ஆடுவாரில்லாமல் போன ஆட்டங்கள், இப்படி உலகத்தில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியதையெல்லாம் அகர வரிசையில் எழுதிவிடுவது என்பது திட்டம். ஒரு மலையின் உயரத்துக்காக அங்கே இரண்டு பேர் ஒரு வாரம் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். ஒரே மன்னர் இரண்டு ஊர்களில் பிறந்திருக்கிறார். இரண்டு ஊர்க்காரர்களும் நேரில் வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள்.

மொத்தம் இரண்டு தொகுதிகள். உயிரெழுத்துகளில் தொடங்கும் பதிவுகள் எல்லாம் முதல் தொகுதி. க-வில் ஆரம்பித்து மீதியெல்லாம் இரண்டாவது. முதல் தொகுதி அண்ணியின் பொறுப்பு. இரண்டாவதுக்கு ஒருவர் இருந்தார். அவரை ‘மெய்யெழுத்துக்காரர்’ என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். இருவருக்கும் மேலே தலைமைப் பதிப்பாசிரியர். அவர் உயிரிலும் சேரமாட்டார், மெய்யிலும் சேரமாட்டார், தனியாக ஒரு அறையில் உட்கார்ந்திருப்பார். அதனால் அவருக்கு வைத்த பெயர் ‘ஆய்தம்’.*

முதல் தொகுதி அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. இரண்டாம் தொகுதி எப்போது வரும் என்று ஆய்தத்திடம் கேட்டால், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் கேட்டவர் போய்விடுவார்.

* [அவருக்கு இந்தப் பெயர் தெரியாது. கதை வெளிவந்தால் தெரிந்துவிடும். பரவாயில்லை, இருக்கட்டும். – அண்ணி]

4

இப்போது கதையின் இரண்டு மனிதர்கள். ஊசி, நூல். மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர்கள்.

ஊசி ஒல்லி. நூல் குண்டு. மேடைக்கு வந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, "நான்தான் நூல்" என்று அவர் சொல்வதுதான் நிகழ்ச்சியின் முதல் சிரிப்பு. ஊசி நறுக்கென்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார். நூல் அதைப் பிடித்துக்கொண்டு இழுப்பார், இழுப்பார், இழுத்துக்கொண்டே போய், எங்கே தொடங்கினோம் என்று அவருக்கே தெரியாத ஏதோ ஒரு சந்தில் மாட்டிக்கொண்டு முழிப்பார். அப்போது ஊசி இன்னொரு வார்த்தை சொல்வார். அரங்கம் அதிரும். வானொலியிலும் வாராவாரம் வந்தார்கள். நேரடி ஒலிபரப்பு. பதிவு செய்துவைக்கும் வழக்கம் அன்று இல்லை.

ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவர் பெயர் தானாக வாயில் வரும், அப்படி இருந்தவர்கள். திடீரென்று ஒரு நாள் பிரிந்தார்கள். ஊசி தனியாகத் திரைப்படத்துக்குப் போய்ப் பெரிய நடிகரானார். நூல் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று வைத்தார். இருபது வருடத்துக்கு மேலாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அண்ணி இருவரையும் சேர்த்து ஒரே பதிவாக எழுதி வைத்திருந்தார். தலைப்பு: ‘ஊசி–நூல், நகைச்சுவை இணையர்.’ ஊ-வில் தொடங்குவதால் முதல் தொகுதி. தகவல் சரியா என்று பார்த்துச் சொல்லும்படி இருவருக்கும் ஒரு படி அனுப்பினார்.

அங்கேதான் வினை.

5

ஊசி நேரிலேயே வந்துவிட்டார். கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் பாதியில் எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தார்களாம். பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியவில்லை. அது அவர் தவறில்லை, கண்ணாடி இன்னும் தயாராகவில்லை.

"இது யாரும்மா எழுதினது?"

"நான்தாங்க."

"நல்லாதான் எழுதியிருக்கீங்க. ஆனா இதுல நான் பாதி ஆளாத்தான் இருக்கேன். மீதிப் பாதி யாரு?"

"நூல் சார்."

"அவன் என்னை விட்டுட்டுப் போய் எத்தனை வருஷமாச்சு தெரியுமா? எனக்குத் தனியாப் போடுங்க. ‘ஊசி’. பக்கத்துல ஒரு புள்ளி. அவ்வளவுதான்."

"அப்ப நூல் சாருக்கு?"

"அவனுக்கும் தனியாப் போடுங்க. நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?"

"அவரு ந-வுல வருவாருங்க. அது ரெண்டாவது தொகுதி. இன்னும் வேலையே முடியல."

"இருக்கட்டும். அவன் எப்பவுமே லேட்டாத்தான் வருவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அண்ணி கேட்காமலே அவராகச் சொன்னார்.

"ஊர்லயே பெரிய அரங்கம்மா. முதல் தடவையா எங்களைக் கூப்பிட்டிருந்தாங்க. ஒரு நாற்காலி காலி இல்ல. நேரமாச்சு, இவனைக் காணோம். திரையைத் தூக்கிட்டாங்க. நான் மட்டும் நிக்கறேன். எப்படியோ ஓட்டினேன். மறுநாளும் வரல. போன் பண்ணா எடுக்கல. ஒரு வார்த்தை சொல்லல."

"நீங்க நேர்ல போய்க் கேக்கலையா?"

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஊசி. ஒரு புள்ளி," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஆய்தத்துக்கு இதில் ஆட்சேபம் இல்லை. தனிமனிதர்களுக்குத் தனிப் பதிவு என்பது விதியாகவே இருந்தது. "நூலை ரெண்டாவதுக்குத் தள்ளிடுங்க," என்றார்.

6

தள்ளுவதற்கு முன் நூலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அண்ணி போனார்.

"உக்காந்து பேச நேரமில்லம்மா, வண்டியிலேயே ஏறிக்குங்க," என்றார் நூல். ஆகவே பேட்டி காரில் நடந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்மணி, கண் டாக்டர், மூன்றாவது வகுப்பு. பக்கத்தில் நூல். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பின்னிருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணி.

"டாக்டர், கண்ணாடியைப் பாருங்க… பின்னால வர்றது தெரியுதா?"

"சரியாத் தெரியல சார்."

"கண் டாக்டரே இப்படிச் சொன்னா நாங்க எங்க போறது?"

டாக்டர் சிரித்ததில் வண்டி நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினார்கள். அண்ணி மெதுவாக விஷயத்துக்கு வந்தார். பெரிய அரங்க நிகழ்ச்சிக்கு நீங்கள் போகவில்லை என்று ஊசி சொல்கிறார், காரணம் என்ன?

வண்டி குலுங்கி நின்றது. இந்தத் தடவை பிரேக்கை மிதித்தது டாக்டர் இல்லை.

"போகலைன்னு சொன்னானா? போனேம்மா! வழியில வண்டி பஞ்சர். தள்ளிக்கிட்டே போனேன். முன்வாசல்ல கூட்டம், பின்பக்கம் போனேன். கதவை உள்ள தாப்பா போட்டிருக்காங்க. தட்டறேன், யாருக்கும் கேக்கல. ஏன்னா உள்ள அப்படிச் சிரிக்கறாங்க. பேச்சு ஒண்ணும் புரியல, சிரிப்பு மட்டும் வருது. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நின்னப்பகூட அந்த மாதிரி சிரிப்பு வந்ததில்லம்மா. கொஞ்ச நேரம் நின்னேன். சரி, நமக்கு இங்க வேலை இல்லன்னு வீட்டுக்குத் திரும்பிட்டேன்."

"அவர்கிட்ட இதைச் சொல்லலையா?"

"என்னன்னு சொல்றது? நீ தனியாவே நல்லாச் சிரிக்க வெச்சே, அதனால எனக்குக் கோவம்னா? சொல்ற மாதிரியா இருக்கு?"

டாக்டர் திரும்பி அவரைப் பார்த்தார். "ரோட்டைப் பாருங்க டாக்டர்," என்றார் நூல். பிறகு அவரே பின்னால் திரும்பினார்.

"நான் எந்தப் புத்தகத்துலம்மா வரேன்?"

"ரெண்டாவதுல."

"அது எப்ப வரும்?"

அண்ணிக்குத் தவறான தகவல் தந்து பழக்கமில்லை. "தெரியலைங்க. வருமான்னே தெரியல."

நூல் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

"எனக்கு வேணும்மா. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா வேணும். அவனுக்குப் படம் இருக்கு, எப்ப வேணா போட்டுப் பாத்துக்கலாம். நான் பேசினதெல்லாம் காத்தோட போச்சு. இப்படி ஒருத்தன் இருந்தான்னு எங்கயாவது ஒரு ஓரத்துல அச்சுல இருந்தா என்ன குறைஞ்சுடும்? …டாக்டர், சிவப்பு, சிவப்பு!"

7

இந்த இடத்தில் எனக்கு நூல்மீது சந்தேகம் வந்துவிட்டது. பாத்திரமாக அவர் ரொம்ப நல்லவராக இருக்கிறார். தானாக ஒதுங்குகிறார், யாரையும் குறை சொல்வதில்லை. இப்படி ஒருவரை நடுவில் நிறுத்தினால் வாசகர்கள் கொட்டாவி விடுவார்கள். கொஞ்சம் அழுக்குச் சேர்க்கலாமா என்று யோசித்து, அவர் பழைய விளம்பரத்தாளில் ஊசியின் முகத்தைப் பென்சிலால்

[அப்படியெல்லாம் செய்யவில்லை. அழுக்குதான் வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கலாமே. இறங்கும்போது ஊசிக்கு எத்தனை வரி என்று கேட்டார். சொன்னேன். "எனக்கு ஒரே ஒரு வரி கூடப் போடுங்க, அவனுக்குத் தெரியவேண்டாம்" என்றார். அதோடு ஊசியின் தலையில் இருப்பது சொந்த முடி இல்லை என்று டாக்டரிடம் தகவல் சொன்னார். நான் கேட்கவே இல்லை. – அண்ணி]

நன்றி அண்ணி. இப்போது நிம்மதியாக இருக்கிறது. மேலே போகலாம்.

8

இனி இருவரும் சந்திக்கவேண்டும். என் முதல் பிரதியில் தற்செயலாகச் சந்திக்கவைத்திருந்தேன். அச்சுப்படி பார்க்க ஊசியைக் காலையிலும் நூலைப் பிற்பகலிலும் வரச் சொல்ல, ஒருவர் தாமதமாகி, ஒருவர் முன்னாலேயே வந்து, படிக்கட்டில் நேருக்கு நேர்…

[தற்செயல் இல்லை. வேண்டுமென்றேதான் இருவருக்கும் ஒரே நேரத்தைச் சொன்னேன். இரண்டு பேர் தரும் தகவல் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் இரண்டு ஆதாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அது எங்கள் அலுவலக வழக்கம். – அண்ணி]

ஆக, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி. நூல் முதலில் வந்து ஒன்றை நிரப்பினார். ஊசி உள்ளே வந்தார், பார்த்தார், திரும்பிப் போகப் பார்த்தார். அதற்குள் மெய்யெழுத்துக்காரர் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திவிட்டார்.*

* [இதுவும் ஏற்பாடுதான். – அண்ணி]

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தார்கள்.

"அம்மா, அவர்கிட்ட சொல்லுங்க, குண்டாயிட்டாருன்னு."

"நான் முன்னாடியே குண்டுதான்னு சொல்லுங்கம்மா. அவருக்குத்தான் முடி புதுசு."

"வாயி மட்டும் இன்னும் குறையலன்னு சொல்லுங்க."

அண்ணி இரண்டு பேருக்கும் நடுவில் அச்சுப்படியை வைத்தார். "ஒரு தகவலைச் சரிபார்க்கணும். அன்னைக்கு நூல் சார் அரங்கத்துக்கு வந்திருக்கார். பின்கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. இதை நீங்க மறுக்கறீங்களா?"

ஊசியின் தலை முதல்முறையாகத் திரும்பியது.

"வந்தியா?"

"வந்தேன்."

"எப்ப?"

"கூரையே பிச்சுக்கிட்டுப் போற மாதிரி எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தப்ப. கதவைத் தட்டினேன். யாருக்குக் கேக்கும்? அதான் நீ ஒத்தை ஆளாச் சமாளிச்சுட்டியே."

"ஒத்தை ஆளாவா?" ஊசி எழுந்து நின்றுவிட்டார். "டேய், நான் தனியாவா பண்ணேன்? ரெண்டு பேரையும் நானே பண்ணேன்டா! இந்தப் பக்கம் நின்னு ஒரு வார்த்தை சொல்றது, அந்தப் பக்கம் ஓடிப்போய் வயித்துல தலகாணியைச் சொருகிக்கிட்டு உன்னை மாதிரி இழுக்கறது. மூச்சு வாங்குது. அவங்க சிரிச்சதெல்லாம் உனக்குடா. என் வார்த்தைக்கு ஒருத்தன் சிரிக்கல!"

இந்த இடத்தில் நூலின் கண்கள் கலங்குவதாக எழுதியிருந்தேன். அண்ணி குறுக்குக்கோடு போட்டுவிட்டார். கலங்கவில்லையாம். நூல் கேட்டது இதுதான்:

"தலகாணியா?"

"ஆமா."

"எத்தனை?"

"…ரெண்டு."

"ரெண்டா! நான் என்ன அவ்வளவு குண்டாவா இருந்தேன்?"

மெய்யெழுத்துக்காரர்தான் முதலில் சிரித்தது. அப்புறம் அண்ணி. அப்புறம் அந்த இருவரும். சிரித்து முடிந்ததும் ஊசி, "ஏன்டா வந்து சொல்லல?" என்றார். அதே நேரத்தில் நூல், "ஏன்டா வந்து கேக்கல?" என்றார். இரண்டு தெரு தள்ளித்தான் இருவர் வீடும். ஒருவர் போய்க் கதவைத் தட்டியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். நான் இதைப் பற்றி ஒரு பத்தி நீளத்துக்குத் தத்துவம் எழுதி, நானே எடுத்துவிட்டேன். அந்த அறையில் யாரும் தத்துவம் பேசவில்லை. நூல் நாற்காலியை நகர்த்தி ஊசியை உட்காரச் சொன்னார், அவ்வளவுதான்.

9

இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பதிவு இன்னும் மேசைமேல் கிடக்கிறது.

"சேர்த்தே போட்டுடுங்கம்மா," என்றார் ஊசி. "இடம் பத்தலைன்னா என் படப் பேரையெல்லாம் எடுத்துடுங்க."

"எல்லாத்தையும் எடுக்காதீங்க," என்றார் நூல். "தபால்காரனா வருவான் பாருங்க ஒரு படம், அது இருக்கட்டும்."

"நீ பாத்தியா?"

"எல்லாம் பாத்தேன். பாதி சகிக்கல."

அண்ணி மகிழ்ச்சியோடு பென்சிலை எடுத்தார். ஊசி கையைக் காட்டித் தடுத்தார்.

"ஒரே ஒரு விஷயம். அவன் பேரு முன்னாடி வரணும். ‘நூல்–ஊசி’. இத்தனை வருஷம் என் பேருதானே முன்னாடி இருந்துச்சு."

அண்ணிக்குத் தலை சுற்றியது. மனிதர் இதுவரை பிடிவாதமாக இருந்தபோது நூல் மட்டும்தான் இரண்டாம் தொகுதிக்குப் போவதாக இருந்தார். இப்போது பெருந்தன்மை வந்துவிட்டது, இரண்டு பேரும் போகப்போகிறார்கள்.

"அப்படிப் போட்டா ந-வுக்குப் போயிடுங்க. ரெண்டாவது தொகுதி."

"போகட்டும். ரெண்டு பேருமே ரெண்டாவதுல வரோம்."

"டேய், டேய், டேய்," என்றார் நூல்.

"நீ சும்மா இரு. நான் ஒரு தடவை முடிவு பண்ணா முடிவு பண்ணதுதான்."

சத்தம் கேட்டு ஆய்தம் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். எல்லோரும் அவர் துடைப்பதற்காகக் காத்திருந்தார்கள். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"இரண்டாம் தொகுதி வராது."

கண்ணாடியைத் துடைக்காமலே திரும்ப மாட்டிக்கொண்டார்.

"மேல சொல்லிட்டாங்க. முதல் தொகுதியோட சரி. நான்தான் யார்கிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

எல்லோரும் மெய்யெழுத்துக்காரரைப் பார்த்தார்கள். அவர் அப்போது ‘கடிகாரம்’ எழுதிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. "இந்த வரியை முடிச்சுக்கறேன் சார்," என்றார். முடித்து, படித்துப் பார்த்து, ஒரு எழுத்தைத் திருத்தி, அட்டையைப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்தார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த நூல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

இங்கே அண்ணிக்கு ஒரு யோசனை தோன்றியதாம். நூலின் சொந்தப் பெயர் இ-யில் தொடங்குவது. அந்தப் பெயரில் போட்டால் முதல் தொகுதியிலேயே தனியாக வந்துவிடலாம். "வேண்டாம்மா," என்றார் நூல். "அந்தப் பேருல என்னை யாருக்கும் தெரியாது. என் பொண்டாட்டிக்கே கல்யாணத்தன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

பிறகு ஊசியின் பக்கம் திரும்பினார்.

நீங்கள் இப்போது ஒரு வசனத்தை எதிர்பார்க்கிறீர்கள். எனக்குத் தெரியும். ஊசியையும் நூலையும் வைத்து, எது முன்னால் போகும், எது பின்னால் வரும் என்று ஒரு கனமான வாக்கியம். நானும் எதிர்பார்த்தேன். அண்ணியிடம் மூன்று தடவை கேட்டேன். இல்லையாம். நூல் சொன்னது இது:

"முன்னாடி நிக்கறவன் மேலதான் அழுகின தக்காளி முதல்ல விழும். பதினஞ்சு வருஷம் உன்னை முன்னாடி விட்டது அதுக்குத்தான். போ, முன்னாடி நில்லு."

ஊசி தலையாட்டினார்.

10

பதிவு ‘ஊசி–நூல்’ என்றே அச்சாயிற்று. நான் எடுத்துப் பார்த்தேன். உள்ளே முதல் வாக்கியம் ‘நூலும் அவர் நண்பர் ஊசியும்’ என்று தொடங்குகிறது. அது அண்ணியின் வேலை. தபால்காரர் படமும் இருக்கிறது. நூலைப் பற்றி ஒரு வரி கூடுதலாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். அதை இங்கே சொன்னால் ஊசி படித்துவிடுவார்.

போன மாதம் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். மெய்யெழுத்துக்காரர் தன் பெட்டிகளையெல்லாம் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். இப்போது ‘கண்ணாடி’யில் இருக்கிறாராம். அண்ணி வாரம் ஒருநாள் போய்ப் பார்த்துத் திருத்திவிட்டு வருகிறார். அச்சிட யாருமில்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பாதியில் நின்ற அந்தக் கலைக்களஞ்சியம் விசித்திரமான புத்தகம். அதன்படி உலகத்தில் அழுகை உண்டு, சிரிப்பு இல்லை. ஓட்டம் உண்டு, நடை இல்லை. இரவு வரும், பகல் வராது. அண்ணி இருக்கிறார், தம்பி கிடையாது. ஆனால் எப்படியோ எல்லையைத் தாண்டி வந்து ஒரு நூல் மட்டும் அதில் இருக்கிறார்.

அந்தப் பதிவைப் படித்த ஒரு அரங்க மேலாளர், இருவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, ஒரே ஒரு மேடை போடலாமா என்று கேட்டார். ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை மாலை. அண்ணிக்கும் எனக்கும் முன்வரிசையில் இடம். ஒத்திகையில் தினம் சண்டையாம். ஊசிக்கு வசனம் மறந்துபோகிறது. நூலுக்கு எதுவும் மறக்கவில்லை, அதுதான் பிரச்சினை, நிறுத்தமாட்டேனென்கிறார்.

இந்தக் கதையை நான் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாகவேண்டும்.

ஆகவே எனக்கு இவ்வளவுதான் தெரியும். அரங்கம் சிரிக்குமா என்று தெரியாது. முழு அரங்கமும் அமைதியாக உட்கார்ந்திருந்து, அந்த இரண்டு பேரும் வியர்த்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கவும் நேரலாம். சிரிப்பு முழுவதும் நூலுக்கே போய், அதைப் பக்கத்தில் நின்று கேட்கும்போது ஊசியின் முகம் எப்படி மாறும் என்பதும் தெரியாது. எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். மூன்று விதமாக எழுதியும் வைத்திருக்கிறேன். எதையும் தரமாட்டேன். சனிக்கிழமை உங்களுக்கும் வரும். நீங்களே போய் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். முடிவு வேண்டுமென்று என்னிடம் கேட்காதீர்கள். ‘முடிவு’ ம-வில் வருவது. அது இரண்டாம் தொகுதி.

[சாக்குச் சொல்லாதீர்கள் தம்பி. ‘இறுதி’ இ-யில்தான் வருகிறது. முதல் தொகுதியில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். – அண்ணி]

எடுத்துப் பார்த்தேன். அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பதிவு இருக்கிறது. ஒரே வரி.

இறுதி: காண்க, முடிவு.